பூமிக்குக் கீழே கூட்டிப்போகிறவர் கையில் எந்த டார்ச்?



"சார், இந்த வருஷ மலருக்கு உங்க கட்டுரை ஒண்ணு வேணும். பாடமா இருந்தாலும் பரவாயில்லை, தூக்கம் மட்டும் வரக் கூடாது" என்று யூனியன் செயலாளர் வந்து நின்றார். எதைப் பற்றி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே, "இந்த வருஷம் டூர் எங்கேப்பா?" என்று கேட்டேன். "ஆந்திராவுல பெலும் குகை சார். நாற்பது பேர்." "உள்ளே போக டார்ச் லைட் எத்தனை எடுக்கிறீங்க?" அவர் சிரித்தார். "அதான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே சார்!"

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏனென்றால் முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தபோது, டூர் பொறுப்பாளராக இருந்த நானும் இப்படித்தான் சிரித்தேன். அதற்கு என் நண்பன் ஒருவன் விலை கொடுத்தான்.

1993இல் நடந்தது

அது டிசம்பர் மாதம். நாங்கள் இருபத்தெட்டுப் பேர். போனது கரண்ட் வசதி இல்லாத ஒரு குகை; ஊர்ப் பேர் வேண்டாம், தப்பு ஊர் மேல் இல்லை. உள்ளூர் ஆள் ஒருவர் பெட்ரோமாக்ஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் புதிதாக வாங்கிய மூன்று கட்டை டார்ச்சை ராஜா செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பேட்டரி தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. டோல்கேட் பையன்களுக்கு டார்ச் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

குறுகலான ஓர் இடத்தில் பெட்ரோமாக்ஸ் பாறையில் இடித்தது. மேண்டில் சாம்பலாக உதிர்ந்தது. கும்மிருட்டு. "பயப்படாதீங்கடா, நான் இருக்கேன்" என்று டார்ச்சை அடித்து நான் முன்னால் போனேன். வெளிச்சம் அம்பு மாதிரி போய்த் தூரத்துச் சுவரில் வட்டமாக விழுந்தது. வழியில் இடுப்பளவு பள்ளமாக ஒரு படி இறங்கியது. எனக்கு அது தெரிந்தது, நான் இறங்கிவிட்டேன். என்னோடு வெளிச்சமும் போய்விட்டது. பின்னால் நான்காவதாக வந்தவன் வெறும் இருட்டில் கால் வைத்தான். சத்தம் கேட்டு நான் திரும்பினேன். டார்ச்சும் என்னோடு திரும்பி எல்லோர் கண்ணிலும் அடித்தது. கண் கூசி இன்னும் இரண்டு பேர் சரிந்தார்கள்.

நண்பனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அதற்குள் என் டார்ச்சும் சிவந்துபோனது. முந்தின ராத்திரி ரயிலில் ஜன்னல் வழியாக மரத்துக்கெல்லாம் அடித்து விளையாடியதில் பேட்டரி பாதி தீர்ந்திருந்தது. கடைசியில் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனின் சட்டைப் பையில் இருந்த பேனா டார்ச்தான் எங்களைக் காப்பாற்றியது. அதை வைத்து இரண்டிரண்டு பேராகக் குகை வாசலுக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது. அடிபட்டவன் அந்தச் செமஸ்டர் பிராக்டிகலுக்கு வர முடியவில்லை. ஒரு வருஷம் போனது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கால் வலிக்கிறது என்பான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

தனியாகப் போகிறவனுக்கு நல்ல டார்ச் வேறு, கூட்டிப்போகிறவனுக்கு நல்ல டார்ச் வேறு. முன்னால் போகிறவன் கையில் இருப்பது பின்னால் வருகிறவர்களின் வெளிச்சம். இதை மனதில் வைத்துக்கொண்டு பாடத்துக்கு வருவோம்.

பாடம் 1: தூரம் வேண்டாம், அகலம் வேண்டும்

டார்ச் அட்டையில் லூமன், கேண்டலா என்று இரண்டு எண் இருக்கும். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். கேண்டலா என்பது அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பது. தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் அடைத்தால் அதே தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும். ஆனால் நனைகிற இடம் சின்னது.

ஒரு சின்னக் கணக்கு. 100 லூமன் வெளிச்சத்தை 10 டிகிரி கூம்பாகக் குவித்தால் ஏறத்தாழ 4,200 கேண்டலா கிடைக்கும். அதே 100 லூமனை 90 டிகிரிக்கு விரித்தால் சுமார் 54 கேண்டலாதான். அட்டையில் போடும் 'பீம் தூரம்' என்பது, கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி வரும் மீட்டர். அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவளவு. முதல் டார்ச்சுக்கு 130 மீட்டர், இரண்டாவதற்கு 15 மீட்டர்கூட வராது. கடைக்காரர் எதைக் காட்டுவார்? முதலாவதைத்தான்.

ஆனால் குகையில் சுவர் இருப்பது மூன்று மீட்டரில். அங்கே முதல் டார்ச் போடும் வட்டத்தின் குறுக்களவு அரை மீட்டர். இரண்டாவது போடும் வட்டம் ஆறு மீட்டர். அதற்குள் சுமார் 6 லக்ஸ், அதாவது பௌர்ணமியைப் போல இருபது மடங்குக்கு மேல். காலடி பார்த்து நடக்க இது தாராளம். 1993இல் என் கையில் இருந்தது முதல் வகை. எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது வகை. பெட்ரோமாக்ஸை மட்டமாக நினைத்தோம். அது நான்கு பக்கமும் வெளிச்சம் கொடுத்தது என்பது அணைந்த பிறகுதான் உறைத்தது.

குவிந்த டார்ச்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். கண்ணாடி மேல் பட்டர் பேப்பரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் வெளிச்சம் பரவிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள். அதிக சக்தியுள்ள டார்ச்சில் பேப்பர் கருகும்.

பாடம் 2: எத்தனை மணி நேரம்?

இன்று கிடைக்கும் நல்ல 18650 லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், 3,000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 10.8 வாட் மணி. எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருகிறது. ஆக 100 லூமனில் ஒன்பது, பத்து மணி நேரம் ஓடும். அதையே 1,000 லூமனில் எரித்தால் ஒரு மணி நேரம்தான், கையும் சுடும். அந்தக் காலத்து இழை பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமன்தான் கொடுத்தது. இந்தப் பத்து மடங்கு லாபத்தை நேரமாக எடுத்துக்கொள்கிறவர் புத்திசாலி.

அட்டையில் '10 மணி நேரம்' என்று இருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். 2009இல் வந்த ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 தரமுறைப்படி, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான மொத்த நேரத்தைத்தான் ஓடும் நேரம் என்று போடுகிறார்கள். முதல் அரை மணி மட்டும் பளிச்சென்று எரிந்து, மிச்ச நேரம் மின்மினியாக எரிந்தாலும் அது பத்து மணி நேரம்தான். வீட்டில் சோதித்துப் பாருங்கள். இருட்டு அறையில் டார்ச்சைக் கூரை பார்த்து நிறுத்தி, அரை மணிக்கு ஒரு தரம் தினத்தாளை வாசியுங்கள். எழுத்து தெரியாமல் போகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டூர் நேரத்தைப் போல மூன்று மடங்கு வந்தால் வாங்கலாம்.

இன்னொன்று. பழைய டார்ச் சாகும்போது சிவந்து, மங்கி, சொல்லிவிட்டுச் சாகும். வெளிச்சத்தைச் சீராக வைத்திருக்கும் எல்.ஈ.டி. டார்ச் சில, கடைசி நிமிஷம் வரை பளிச்சென்று எரிந்துவிட்டுப் பொட்டென்று அணையும். ஆகவே சார்ஜ் காட்டும் சிறு விளக்கு உள்ளதை, அல்லது தீரும் முன் தானே படிப்படியாக மங்குவதை வாங்குங்கள்.

பர்மா பஜார் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 18650 செல்லில் '9,900 மில்லி ஆம்பியர் மணி' என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் 3,500ஐத் தாண்டுவதே அபூர்வம். நல்ல செல் 45 கிராமுக்கு மேல் எடை இருக்கும். கையில் பஞ்சு மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாடம் 3: நெற்றியிலா, கையிலா?

என் பெரியப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலை மூடினார்கள். பெரியப்பா அதற்கு முன்பே ஓய்வுபெற்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் குகைக் கதையைக் கேட்டு அவர் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "லைட்டைக் கையில புடிச்சிக்கினு இருந்தா, ஆளை எதால புடிப்பே?"

சுரங்கத் தொழிலாளிக்கு விளக்கு தொப்பியில், பேட்டரி இடுப்புப் பட்டையில். இரண்டு கையும் சும்மா இருக்கும். கூட்டிப்போகிறவருக்கும் அதுதான் முதல் விளக்கு. அதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, யாரிடமாவது பேசத் திரும்பினால் அவர் கண்ணில் அடிக்கும். "மூஞ்சியப் பார்த்துப் பேசாதே, முட்டியப் பார்த்துப் பேசு" என்பார் பெரியப்பா. இரண்டு, வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் மேடு பள்ளத்தின் நிழல் கண்ணுக்கு மறைந்துவிடும். தரை எல்லாம் சமமாகத் தெரியும். இடுப்பளவில் சாய்வாகப் பிடித்த டார்ச்சில் சின்னக் கல்லுக்கும் நீளமான நிழல் விழும், பள்ளம் கறுப்பாகத் தெரியும். ஆகவே நெற்றியில் ஒன்று, தேவைப்படும்போது இடுப்பளவில் கையில் ஒன்று.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒரே ஒரு பளிச் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். அதனால் குறைந்த வெளிச்ச நிலை உள்ள டார்ச் முக்கியம். 50 முதல் 100 லூமன் நடக்கப் போதும். நிறத்திலும் கவனம் வேண்டும். நீலம் பாய்ந்த 6,500 கெல்வின் வெளிச்சத்தைவிட 4,000–5,000 கெல்வினில் ஈரப் பாறையும் சேறும் பிரிந்து தெரியும். 'மினுக் மினுக்' என்று வெட்டும் நிலைக்குப் பட்டனை அமுக்கும்போதெல்லாம் போகிற டார்ச் வேண்டவே வேண்டாம்.

பாடம் 4: ஒரு டார்ச் என்பது டார்ச்சே இல்லை

குகை ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் விதி: ஆளுக்கு மூன்று விளக்கு, ஒன்றை ஒன்று நம்பாததாக. மூன்றுக்கும் ஒரே பேட்டரி என்றால் அது ஒரு விளக்குதான். செல்போனை இந்த மூன்றில் சேர்க்காதீர்கள். அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், விழுந்தால் உடையும், வெளியே வந்த பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட அதில் சார்ஜ் வேண்டும்.

நாற்பது பேருக்கு ஆளுக்கு மூன்று வாங்க யூனியனில் பணம் ஏது? குறைந்தபட்சம் இப்படிச் செய்யலாம். முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் தலா மூன்று. நடுவில் ஐந்து பேருக்கு ஒருவரிடம் நெற்றி விளக்கு ஒன்று.

சுரங்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. இறங்கும்போது வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்க வேண்டும், ஏறியதும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து ஒரு விளக்கு திரும்பவில்லை என்றால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். விளக்குக் கணக்குதான் ஆள் கணக்கு. நீங்களும் வாசலில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் பட்டன் அமுங்கித் தானே எரிந்து தீரும் டார்ச்சுகள் உண்டு. வால் மூடியைக் கால் சுற்றுத் திருகி வைத்தால் போதும். ஈரமான இடத்துக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தூவானம் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கும். சாதாரணக் கட்டை போடும் டார்ச் என்றால் டூர் முடிந்ததும் கட்டையைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் டார்ச் போச்சு.

பாடம் 5: டார்ச்சே ஆபத்தாகும் இடம்

இதை நம் பகுதிப் பிள்ளைகள் முக்கியமாகப் படிக்க வேண்டும். டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை எண்ணெய் டாங்கிகள், கப்பல் அடித்தட்டுகள், பாதாளச் சாக்கடைகள் எனக் 'கீழே' இருக்கும் இடங்கள் நிறைய. அப்ரண்டிஸாகப் போகும்போது "தம்பி, உள்ளே கொஞ்சம் எட்டிப் பாரு" என்று யாராவது சொல்வார்கள்.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். 1815இல் ஹம்ப்ரி டேவி பாதுகாப்பு விளக்கைச் செய்தது இதற்காகத்தான். சாதாரண டார்ச்சின் சுவிட்சிலும் பொறி உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கென்று சான்று பெற்ற, பொறி பறக்காத விளக்கு தனியாக இருக்கிறது. சுரங்கம் என்றால் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். வேல்ஸ் நாட்டில் பிக் பிட் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு 1983இல் மியூசியமாகத் திறந்தது. 90 மீட்டர் கீழே பார்வையாளர்களைக் கூட்டிப்போகும் முன் தீப்பெட்டி மட்டுமல்ல, செல்போன், பேட்டரி கைக்கடிகாரம் வரை மேலேயே வாங்கி வைத்துவிட்டு, தொப்பி விளக்கை அவர்களே கொடுப்பது அங்கே முறை. வேடிக்கை பார்க்க வருகிறவருக்கே அந்தக் கட்டுப்பாடு!

எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும் மூச்சுக்காற்று இருக்கிறதா என்று அது சொல்லாது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். முதலில் வாயுப் பரிசோதனை, அப்புறம்தான் விளக்கு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "முடியாது சார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நண்பன் சொன்னாலும், மேஸ்திரி சொன்னாலும் இறங்காதீர்கள்.

பெலும் போகிறவர்களுக்கு

பெலும் குகையைப் பற்றி 1884இல் குறிப்பு எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் நம் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த அதே மனிதர்தான். 1982, 83இல் ஜெர்மன் குழு ஒன்று உள்ளே அளந்தது. குகையின் நீளம் 3,229 மீட்டர். 2002இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே மின்விளக்கு இருக்கிறது. சில இடங்களில் குனிந்து போக வேண்டும், புழுக்கமாகவும் இருக்கும். பாதாள கங்கை என்ற இடம் வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே.

மின்விளக்கு இருக்கும்போது டார்ச் எதற்கு என்று கேட்பீர்கள். நம் தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனும் பூமிக்குக் கீழேதான். அங்கே அவசர விளக்கு வைத்திருப்பது கரண்ட் இருக்கும் நாளுக்காக இல்லையே! ஆனால் அவசியம் இல்லாமல் அடிக்காதீர்கள். வெளவால்களைத் தொந்தரவு செய்யும். தொடர்ந்து வெளிச்சம் படும் பாறையில் பச்சைப் பாசி பிடிக்கும்.

கிளம்பும் முந்தின ராத்திரி ஹாஸ்டல் மாடிப்படியில் விளக்கை அணைத்துவிட்டு ஆறு பேர் வரிசையாக இறங்கிப் பாருங்கள். முன்னால் போகிறவர் டார்ச்சில் மூன்றாவது ஆளின் காலடி தெரிகிறதா? தெரியவில்லை என்றால் டார்ச்சை மாற்றுங்கள். படி வந்தால் முன்னவர் இறங்கி நின்று, திரும்பி, வெளிச்சத்தைப் படியின் மேல் வைத்துக்கொண்டு அடுத்த விளக்குக்காரர் வரும் வரை நிற்க வேண்டும். அவர் வந்து அதே இடத்தில் நின்ற பிறகுதான் நகர வேண்டும். 1993இல் நான் செய்யாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

செயலாளரிடம் என்னுடைய நெற்றி விளக்குகள் இரண்டைக் கொடுத்திருக்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் திரும்பி வர வேண்டும். நாற்பது பேரும் திரும்பி வர வேண்டும்.